கடலிலிருந்து காணும் பரங்கிப்பேட்டை



பெயர்ப்பலகையின் துணையின்றி ஓர் ஊரை அறிவது எவ்வாறு என்பது குறித்துச் சில சொல்லுமாறு பணிக்கப்பெற்றோம். நமக்கு அண்மையிலுள்ள பரங்கிப்பேட்டையையே எடுத்துக்கொள்வோம்.

இக்கரையில் மலையில்லை, குன்றுமில்லை. கடலில் நின்று நோக்குவார்க்கு மணலும் பனையும் எங்கும் ஒன்றுபோலவே தோன்றும். போர்த்துக்கீசியரும், பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இத்துறைக்கு வந்த நாளில், மாலுமிகளுக்குப் பெருந்துணையாய் நின்றவை தென்மேற்கே உள்ள சிதம்பரத்தின் நான்கு கோபுரங்களாம். ஏழுநிலைக் கோபுரம் ஏறத்தாழ 40 மீட்டர் உயரமுடையது. பூமி உருண்டையாதலின், தாழ்ந்த மணற்கரை புலனாகுமுன்னரே கோபுர உச்சி அடிவானத்தில் எழும். அதன் பின்னரே வெள்ளாற்று முகத்தைத் தேடுதல் வேண்டும்.

இங்கே சற்று நிற்போம். அக்கோபுரங்களைத் தொலைவில் நின்றே கண்டவர் மாலுமிகள் மட்டுமல்லர். வயலில் நின்ற நம் முன்னோரும் அவ்வாறே கண்டனர். ஆதனூர் நந்தனார் தில்லையின் எல்லையை வலம்வந்து, உள்ளே புகாது நின்றார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. மாலுமிக்குத் தொலைவே போதும். நம்மவர்க்கோ அதற்கு மேல் நெருங்க விடவில்லை. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்த ஆண்டு 1947. வடக்குக் கோபுரத்தைத் தாம் எழுப்பியதாகக் கிருஷ்ணதேவராயர் கல்வெட்டில் பொறித்துள்ளார். செங்கல் சுமந்தவர் எவர் என்று அக்கல்வெட்டைக் கேட்பதிற் பயனில்லை.

கரையேறினால் பள்ளிவாசல்களும் தர்காக்களும் கலங்கரை விளக்கமும் ஊரை உணர்த்தும். 1781 சூலை 1 அன்று ஐதர் அலியும் சர் அயர் கூட்டும் பொருதது இவ்வூரருகில்தான். 1830 இல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இங்கு இரும்பாலை நிறுவினார். தாது சேலத்திலிருந்து வந்தது. இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றங்கரையில் உள்ளது.

ஆனால் இளைஞர்களே, உயர்ந்தவற்றை மட்டும் நோக்குபவன் ஊரைப் பாதியே அறிவான். தாழ்ந்த நிலம் எது, மழைநீர் முதலில் எத்தெருவில் நிற்கும், சுடுகாட்டுப் பாதை எவர் குடியிருப்பைக் கடக்கும் என்றும் நோக்குக. தெற்கே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டைக் கடலிலிருந்து நோக்கினால் வெறும் பச்சைக் கோடு. எனினும் 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, அக்காட்டின் பின்னிருந்த சிற்றூர்கள் பெரும்பாலும் தப்பின. கடலை ஒட்டிய மணல்மேட்டிலிருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது.

கோபுரங்களின் நிழலுக்கு அப்பால், 1916 இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் ஒரு பள்ளி தொடங்கினார். உயரத்தில் அது எக்கோபுரத்துக்கும் இணையன்று. எந்த மாலுமியும் அதை நோக்கித் திசை கணித்திலன். நம் பிள்ளைகள் பலர் அதை நோக்கி நடந்தனர்.

அடுத்த விடுமுறையில் வெள்ளாற்றங்கரைக்கு மாணவரை அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். வருவோர் ஒரு தாளும் பென்சிலும் கொண்டுவருக. ஊரின் படத்தை வரையும்போது நம் தெருவையும் அதில் வரைதல் வேண்டும்.