முதுமையும் உழைப்பும்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

திருவிழா நாளில் முதுமையைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருத்தமே. விடியுமுன் மடைப்பள்ளியில் காய்கறி நறுக்க அமர்வோர் யார்? பூத்தொடுப்போர் யார்? அன்னதானப் பந்தியில் இலை போடுவோர் யார்? அவர்களுள் அறுபதைக் கடந்தவர்கள் எத்தனை பேர் என்பதை இங்குள்ளோர் அறிவர். அக்கைகள் ஓய்ந்தால் விழாவும் ஓய்ந்துவிடும். ஆயினும், ‘வயதானவர்கள் பிறருக்குச் சுமை’ என்னும் பேச்சு நம் இல்லங்களில் அவ்வப்போது எழவே செய்கிறது. அப்பேச்சு உண்மைதானா என்பதைச் சீர்தூக்கிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

சிங்கப்பூர்த் துறைமுகத்திலும், செம்பவாங் கடற்படைத் தளத்திலும், நகரின் சாலை, துப்புரவுப் பணிகளிலும் வியர்வை சிந்திய தமிழர் பலர். 1968 இல் கடற்படையின் கப்பல் பட்டறை வணிகப் பட்டறையாக மாறியது. 1971 இல் பிரிட்டிஷ் படைகளின் பெரும்பகுதி வெளியேறியது. தளத்தை நம்பி வாழ்ந்தோர் பலர் குடும்பச் சுமை மிகுந்த வயதில் புதுத்தொழில் கற்க நேர்ந்தது. கற்றார்கள், பிள்ளைகளையும் கற்க வைத்தார்கள். 1949 ஆம் ஆண்டு முடிவுக்குள் பிறந்தோரை முன்னோடித் தலைமுறையினர் என 2014 லும், ஐம்பதுகளில் பிறந்தோரை மெர்டேக்கா தலைமுறையினர் என 2019 லும் அரசு சிறப்பித்தது. அச்சிறப்பு சலுகையன்று, பட்ட கடனுக்குச் செலுத்திய வட்டி எனலாம்.

ஒரு காலத்தில் 55 வயதே ஓய்வுக்குரிய வயதாக இருந்தது. சிங்கப்பூர் விடுதலை பெற்ற 1965 இல் சராசரி ஆயுள் 70 ஐ எட்டவில்லை. இன்று 80 ஐக் கடந்துவிட்டது. ஆயுள் நீள நீள, சட்டமும் நகர்ந்தது. 1993 இல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆயிற்று. 1999 இல் 62. 2022 இல் 63. ஓய்வு வயதை அடைந்த, தகுதியுள்ள ஊழியருக்கு மீண்டும் வேலை தர முன்வர வேண்டும் என்னும் சட்டம் 2012 இல் நடப்புக்கு வந்தது. அதன் உச்ச வயது 65 இலிருந்து 67 ஆகி, 2022 இல் 68 ஆனது. மலேசியாவிலும் 2013 ஜூலை முதல் தனியார் துறைக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆனது.

நம் முன்னோர் அறுபது நிறைந்தவருக்கு மணிவிழா எடுத்தனர். அறுபது தமிழாண்டுகளின் சுழற்சி முடிந்து, பிறந்த ஆண்டே மீண்டும் பிறக்கும் நாள் அது. சட்டப் புத்தகம் முடிவு என்று எழுதிய வயதை நம் மரபு தொடக்கம் என்று கொண்டாடியது.

எனினும், முதியோர் உழைக்கிறார்கள் என்று மகிழ்ந்து நின்றுவிடலாகாது. விரும்பி உழைப்பது வேறு; வேறு வழியின்றி உழைப்பது வேறு. அனுபவத்தைப் பயன்படுத்த வேலைக்குச் செல்லும் முதிய ஆசிரியரும் உண்டு. வாடகைக்காக உணவங்காடி நிலையத்தில் வளைந்த முதுகோடு தட்டெடுக்கும் மூதாட்டியும் உண்டு. இருவரையும் ஒரே சொல்லால் புகழ்வது நேர்மையாகாது. வாழ்நாளெல்லாம் குறைந்த வருமானம் ஈட்டிய மூத்தோருக்கு 2016 முதல் அரசு ரொக்க ஆதரவு வழங்கி வருகிறது. 1995 இல் இயற்றப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்படி, தம்மைக் காத்துக்கொள்ள இயலாத, 60 வயதை எட்டிய பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். ஆனால், நடுவர் மன்றம் பணம் கொடுக்கும்படி ஆணையிடலாம்; பாசத்தோடு பேசும்படி ஆணையிட இயலுமா? அது நம் வீட்டுக் கடமையன்றோ!

சம்பளப் பட்டியலில் ஏறாத உழைப்பும் உண்டு. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்ல, பேரக்குழந்தையைக் குளிப்பாட்டி, உணவூட்டிப் பள்ளிக்கு அனுப்பும் பாட்டியின் உழைப்புக்கு ஊதியம் எவ்வளவு? சிங்கப்பூர் வருமான வரி விதிகள் பாட்டி தாத்தாவின் பராமரிப்பை நம்பி வேலைக்குச் செல்லும் தாய்மார்க்கு 3,000 வெள்ளி வரிக் கழிவு தருகின்றன. வரித்துறைக்குத் தெரிந்த அவ்வுழைப்பு, வீட்டிலுள்ளோர் கண்ணுக்குத் தெரியாமற் போவது வருந்தத்தக்கது. அப்பாட்டியின் மடியில்தான் குழந்தை முதல் தமிழ்ச் சொற்களைக் கேட்கிறது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

உழவாரப்படை ஏந்தி ஆலயந்தோறும் புல் செதுக்கிய திருநாவுக்கரசர் முதுமையிலும் அத்தொண்டைக் கைவிடவில்லை என்பது மரபு. இளையவராகிய சம்பந்தர் ‘அப்பரே’ என்று அழைத்தார். மூத்தவரோ அச்சிறுவரின் சிவிகையைத் தாங்கினார். இளமை முதுமையை மதித்தது. முதுமை இளமையைத் தாங்கியது. இதுவே நமக்கு வேண்டிய பாடம்.

ஆகவே செய்ய வேண்டியவை சில. முதலாளிகள் வேலையை மூத்தோரின் உடலுக்கேற்ப மாற்றியமைக்க வேண்டும். பளு தூக்கும் வேலையைப் பொறியிடம் விட்டு, பயிற்றுவிக்கும் வேலையை அனுபவத்திடம் தரலாம். ஆலயங்கள் பொன்னாடை போர்த்துவதோடு நில்லாமல், மூத்தோரின் நினைவுகளைப் பதிவு செய்ய முன்வர வேண்டும். சிங்கப்பூரில் 1979 முதல் வாய்மொழி வரலாறு அரசின் சார்பில் திரட்டப்படுகிறது. ஒவ்வோர் ஆலயமும் அதனைத் தன்னளவில் செய்தால், தோட்டப்புற வாழ்வும் கடற்படைத் தளத்துத் தமிழர் வாழ்வும் மறையாமல் நிலைக்கும்.

மூத்தோருக்கும் ஒரு விண்ணப்பம். பொறுப்பை இறுதிவரை தம் கையிலேயே வைத்திருப்பது தொண்டாகாது. கற்றதை இளையோருக்குக் கற்பித்து, அவர்கள் தவறும்போது தாங்கி, உரிய காலத்தில் இடமளித்து, அருகிருந்து வழிகாட்டுவதே முதுமையின் உயர்ந்த உழைப்பு. இளையோரும் இன்று வீடு திரும்பியதும் தாத்தா பாட்டியின் அருகில் அமர்ந்து, ‘நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?’ என்று கேட்கட்டும். அக்கேள்விக்காகக் காத்திருப்போர் பலர்.

மூத்தோர் உழைப்பை மதிப்போம். அவர்தம் ஓய்வையும் மதிப்போம். இறையருளால் எல்லா இல்லங்களிலும் நலம் பெருகுக!