ஓதற் பிரிவு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் நின்று பேசுவதற்குரிய புலமை நமக்கு உண்டென்று கூறோம். பத்தாம் வகுப்புத் தேறி, இந்த நாகபுரியில் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறருடைய மூட்டைகளை நிறுத்துச் சீட்டெழுதி வருபவர் நாம். 2025 செப்டம்பரில் நம் மூத்த மகளை மேற்படிப்புக்காக ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தோம். அதை அறிந்த செயலாளர், "அந்தப் பயணத்தைப் பற்றியே பேசுங்கள், நம் குடியிருப்பில் இன்னும் நாலைந்து வீடுகளில் பிள்ளைகள் புறப்பட இருக்கிறார்கள்" என்று பணித்தார். ஆகவே வந்து நின்றோம்.

கல்வியின் பொருட்டுப் பிரிதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் பிரிவுகளை எண்ணுமிடத்து ஓதற் பிரிவை முதலில் வைத்தார். அப்பிரிவு மூன்று ஆண்டுகளைக் கடவாது என்று கற்பியலில் எல்லையும் வகுத்தார். கடற் செலவு மகளிரோடு கூடியதன்று என்றும் அவர் நூல் கூறும். இன்றோ மகளிர் தாமே தனித்துக் கடல் கடக்கின்றனர். காலம் மாறிற்று, எனினும் பிரிவுக்கு ஓர் எல்லை வேண்டும் என்று கருதிய அவ்வுள்ளம் இன்றும் போற்றத் தக்கதே.

நம்மைப் போன்ற ஓர் எழுத்தரின் பயணத்தை முதலில் நினைவு கூர்வோம். கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன் மெட்ரிகுலேஷன் தேறியவர்; எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். சென்னைத் துறைமுகக் கழகத்தில் 1912இல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவர் வாழ்வை மாற்றிற்று. சென்னைப் பல்கலைக் கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித் தொகை அளித்தது. 1914 மார்ச் 17ஆம் நாள் 'நெவாசா' என்னும் கப்பலில் ஏறி, 28 நாள் கடந்து ஏப்ரல் 14இல் இலண்டன் சேர்ந்தார்.

குடுமியைக் களைந்து மேல்நாட்டு உடை பூண்ட கோலத்தை அன்னையும் மனைவியும் காணலாகாது என்று, அவர்களைச் சில நாள் முன்னரே கும்பகோணத்துக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டார். வழியனுப்ப வேண்டியவர்களைத் தாமே முதலில் வழியனுப்பிவிட்டு, அவர்கள் இல்லாத துறைமுகத்தில் கப்பலேறினார். அவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைத் தாய்மார்களே உணர்ந்துகொள்ளுங்கள்.

கேம்பிரிட்ஜில் அவருடைய நண்பராயிருந்த மஹலனோபிஸ் ஒரு செய்தியைச் சொல்லியிருக்கிறார். குளிர் தாங்காமல் இராமானுஜன் மேல்கோட்டு அணிந்து, சால்வையும் போர்த்திக்கொண்டு இரவில் உறங்கி வந்தார். நண்பர் சென்று பார்த்தபோது கட்டிலில் கம்பளங்கள் ஒழுங்காக மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதே இராமானுஜனுக்குத் தெரியாது. கம்பளங்களின் மேலேயே படுத்து வந்தார். உலகம் வியக்கும் கணிதம் அறிந்த மேதைக்குக் கம்பளத்தின் வழக்கு தெரியவில்லை. ஒருவரைக் கேட்கவும் கூச்சம்.

அவ்வாண்டு ஆகஸ்டில் போர் மூண்டது. அவர் தாமே சமைத்துண்ணும் சைவ உணவினர். ஏற்ற பண்டங்கள் கிடைப்பது அரிதாயிற்று. 1917இல் நோயுற்றார். மூன்றாண்டு எல்லை கடந்து ஐந்தாண்டாயிற்று. 1919 மார்ச்சில் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26இல் தம் 32ஆம் வயதில் மறைந்தார். கீர்த்தி பெரிது, கொடுத்த விலையும் பெரிது.

மற்றொருவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருடைய தந்தையார் நம் துறையைச் சேர்ந்தவர். வடமேற்கு ரயில்வேயின் கணக்குப் பிரிவில் உயர் அலுவலர். ஆதலால் மகன் 1910இல் லாகூரில் பிறந்தார். நம் பிள்ளைகளைப் போல அவரும் ரயில்வேயால் வெளியூரில் பிறந்த தமிழ்ப் பிள்ளையே. 1930 ஜூலை 31இல், பத்தொன்பது வயதில், பம்பாயில் கப்பலேறினார். வெனிஸ் நகரம் சேருமுன் அக்கப்பலிலேயே விண்மீன்களின் முடிவைப் பற்றி அவர் போட்ட கணக்கு, பின்னாளில் 1983இல் நோபல் பரிசு பெற்ற ஆய்வுகளுக்கு வித்தாயிற்று.

கணக்கு நடந்துகொண்டிருந்த அதே நாட்களில் அவருடைய அன்னையார் சீதாலட்சுமி நோய்ப் படுக்கையில் இருந்தார். இப்சனின் நாடகத்தைத் தமிழாக்கிய கல்விச் செல்வி அவர். மகன் தயங்கியபோது, போய்வா என்று விடைகொடுத்தவரும் அவரே. 1931 மே மாதத்தில் அவர் மறைந்தபோது மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார். ஆயினும் தாயின் நோயை அறிந்தே புறப்பட்டவர் அவர். அன்னையும் மறைக்காமலே அனுப்பினார். இதனை இங்கே சிறப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிற்க. நம் இல்லத்துக் கதைக்கு வருவோம். 28 நாள் கடல் இப்போது இல்லை. நாகபுரியிலிருந்து ஓர் இரவு ரயில், மும்பையிலிருந்து ஒன்பது மணி விமானம், பிராங்பர்ட்டிலிருந்து டிரெஸ்டன் வரை மீண்டும் ரயில். ஆயினும் அப்பயணம் ஓராண்டுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை முன்னதாகவே வங்கியில் கட்டிக் காட்ட வேண்டியிருந்தது. மாதந்தோறும் 992 யூரோதான் கையில் வரும். நம் பணத்தில் அது பன்னிரண்டு இலட்சத்தை ஒட்டிவிட்டது. சேமநிதியில் முன்பணம், வங்கியில் கடன், இல்லாளின் நகை எல்லாம் சேர்ந்தே அத்தொகை ஆயிற்று.

இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றும் 23 கிலோ. நிறுப்பதில் நாம் தேர்ந்தவரல்லவா? ஆனால் நம் தாயார் காய்ச்சிக் கொடுத்த நெய்யைப் பெட்டியிலிருந்து எடுக்க நேர்ந்தது. பால் பொருள்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அங்கே தடை உண்டு. "நெய்க்குமா சட்டம்?" என்று கிழவி கண் கலங்கினாள். பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் தப்பின.

ரயில்வே பாஸ் மும்பை வரையில்தான் செல்லும். விமான நிலைய வாயிலில், இதற்கப்பால் நம் பாஸ் செல்லாது என்று உணர்ந்த அந்நொடியை இன்னும் மறக்கவில்லை.

அக்டோபரில் பருவம் தொடங்கிற்று. நாள்தோறும் தொலைபேசியில், "நலம் அப்பா" என்பாள். "இங்கும் நலம் அம்மா" என்போம். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்வைத்தார்கள். இடைவெளி மூன்றரை மணியிலிருந்து நாலரை மணியாயிற்று. அது ஒன்றே மாற்றம் என்றிருந்தோம்.

நவம்பரில் நம் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை நடந்தது. பிள்ளையின் படிப்பு கெடுமென்று அஞ்சி, "பாட்டி உறங்குகிறாள்", "பாட்டி கோயிலுக்குப் போயிருக்கிறாள்" என்று மூன்று வாரம் பொய் சொன்னோம். ஒரு நாள் பாட்டியே தொலைபேசியை எடுத்து, "கால் ஊன முடியலடி கண்ணு" என்றுவிட்டாள். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு மகள் சொன்னாள்: "அப்பா, நானும் மறைத்தேன். முதல் மாதத்தில் ஒரு வாரம் காய்ச்சல். எழுந்து சமைக்க முடியாமல் ரொட்டியும் தண்ணீருமாக இருந்தேன். அடுத்த அறையில் இருந்தவளைக் கேட்கவும் வெட்கமாக இருந்தது. கடன் வாங்கி அனுப்பியவர்களிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன்."

அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. பார்சல் அலுவலகத்தில் ஒரு முறை உண்டு. சிதைந்த பெட்டி வந்தால், சிதைந்துள்ளது என்று சீட்டில் குறித்தே ஏற்போம். குறியாமல் அனுப்பிய சேதம் வழியில் பெருகும். பின்னர் யார் பொறுப்பென்றும் தெரியாது. இருபத்திரண்டு ஆண்டு பிறர் பெட்டிக்குச் செய்ததை நம் மகளுக்குச் செய்யத் தவறினோம்.

இப்போது நம் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருக்கிறோம். ஞாயிறுதோறும் பேச்சைத் துன்பச் செய்தியில்தான் தொடங்குவது. முதலில் அவள் குறை, பிறகு நம் குறை. அதன் பின்னரே மற்றவை. பெரும்பாலும் சொல்லத் தக்க துன்பம் ஒன்றும் இராது, இருவரும் சிரித்துக்கொள்வோம். ஆனால் இருக்கும்போது வாயில் திறந்திருக்கிறது. பாட்டியும் கோலூன்றி நடக்கத் தொடங்கிவிட்டாள்.

பிள்ளைகளை அனுப்பப் போகும் பெற்றோர்களே! சமைக்கக் கற்பித்து அனுப்புங்கள். ஆண் பிள்ளையாயினும் கற்பியுங்கள். தெரியாததைக் கேட்பதில் இழிவில்லை என்று சொல்லி அனுப்புங்கள். கடன் தொகையை நினைவூட்டி அனுப்பாதீர்கள். அதை அவர்களே அறிவார்கள். உங்கள் துன்பத்தை மறைக்காதீர்கள். மறைத்தால் அவர்களும் மறைக்கக் கற்றுக்கொள்வார்கள்.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கடல் கடந்திருக்கும் வீடுகளை ஒரு ஏட்டில் குறித்துக்கொண்டு, வாரம் ஒருமுறை நம் இளைஞர் ஒருவர் சென்று பார்த்துவரட்டும். பெற்றோர்க்குத் துணை உண்டென்று அறிந்தால் பிள்ளைகள் அங்கே அச்சமின்றிக் கற்பார்கள்.

நம் மகளுக்கு விதித்த காலம் இரண்டாண்டு. தொல்காப்பியர் எல்லைக்கு உட்பட்டதே. அவள் திரும்பும் நாளில், கிழவி காய்ச்சிய நெய்யோடு நிலையத்தில் காத்திருப்போம்.