மாத்திரையின் பெயரும் அதன் பயனும்
(ஜூபிலி மருத்துவ முகாமில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



சர்க்கரை வியாதியால் பாதம் தீயாய் எரிகிறது என்று டாக்டரிடம் போகிறோம். இரவில் ஒன்று போடச் சொல்லி, 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதித் தருகிறார். "இது மனநோய்க்குக் கொடுக்கிற மாத்திரை அல்லவா?" என்று பக்கத்து வீட்டில் ஒருவர் கேட்டுவிடுகிறார். அவ்வளவுதான், மாத்திரை அலமாரிக்குள் போய்விடுகிறது, பாதம் எரிந்துகொண்டே இருக்கிறது. "சுவாமி, டாக்டர் என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டாரே" என்று நம்மிடம் வந்து கண்கலங்கியவர்களும் உண்டு.

ஒரு மருந்துக்கு ஒரே வேலைதான் என்று எண்ணுவதால் வரும் வினை இது. 1952-இல் நியூயார்க்கின் ஸீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். சோர்ந்து கிடந்தவர்கள் எழுந்து உற்சாகமாய் நடமாடினார்கள், பசி எடுத்தது. காசநோய்க்கு வந்த மருந்து மனச்சோர்வுக்கு மருந்தாயிற்று. (கல்லீரலைக் கெடுக்கிறது என்று பிற்பாடு பல நாடுகளில் அதைக் கைவிட்டார்கள், அது வேறு கதை.) அப்படியிருக்க, மனச்சோர்வுக்கு வந்த அமிட்ரிப்டிலின் நரம்பு எரிச்சலைத் தணிப்பதும், ஒற்றைத் தலைவலி வராமல் தடுப்பதும் என்ன அதிசயம்? முதுகுத்தண்டில் வலியை அடக்கும் நரம்புகளுக்கு அது பலம் கொடுக்கிறது. மனச்சோர்வுக்கு வேண்டிய அளவோ இதைவிடப் பல மடங்கு.

இரண்டு நாளில் குணம் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்; சில வாரங்கள் ஆகும். வாய் உலரலாம், மலச்சிக்கல் வரலாம், காலையிலும் தூக்கக் கலக்கம் இருக்கலாம். கண் அழுத்த நோய், இருதய நோய், சிறுநீர் அடைப்பு உள்ளவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பல வாரம் சாப்பிட்டபின் திடீரென நிறுத்தவும் கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து.

"இதையெல்லாம் டாக்டர் சொல்லவில்லையே" என்பீர்கள். வாசலில் ஐம்பது பேர் காத்திருக்கும்போது அவர் எத்தனை பேருக்குத்தான் சொல்வார்? நாம்தான் கேட்க வேண்டும்: எதற்காக இந்த மாத்திரை? எத்தனை நாள்?

சரி, மெய்யாகவே மனச்சோர்வுக்காகத் தந்தால்தான் என்ன? விசுவாசம் குறைந்தவனுக்குத்தான் அந்த மாத்திரை என்று பேசுகிறவர்கள், சர்க்கரை மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்குகிறார்கள்! மருத்துவனை மதிக்கச் சொல்லும் சீராக் ஆகமம் 38-ஆம் அதிகாரத்தை அவர்கள் ஒருமுறை வாசிக்கட்டும்.

அலமாரியில் கிடக்கும் மாத்திரைகளை நீங்களாகவே மறுபடி தொடங்க வேண்டாம். அட்டையையும் சீட்டையும் எடுத்து வாருங்கள். டாக்டர்கள் மாலை 4 மணி வரை பள்ளிக்கூட மண்டபத்தில் இருப்பார்கள்.