விலக்கு: செயலுக்கா, ஆளுக்கா?

தேனி மாவட்டத்தாருக்கு ‘விலக்கு’ என்னும் சொல்லை அகராதி கொண்டு விளக்க வேண்டியதில்லை. ஆண்டிபட்டிச் சாலையில் கண்டமனூருக்குப் பாதை பிரியும் இடம் க.விலக்கு, அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைக்கூட மக்கள் ‘கானாவிலக்கு ஆஸ்பத்திரி’ என்றே சொல்கிறார்கள். பெருஞ்சாலையிலிருந்து கிளைச்சாலை பிரியுமிடம் என்னும் இப்பொருளில் எவரையும் ஒதுக்கும் எண்ணம் இல்லை. அதே சொல் சட்டத்துக்குள் போனால் மதுவிலக்கு. வழக்கத்துக்குள் போனால் மாதவிலக்கு. இரண்டும் தடையையே குறித்தாலும், முன்னது ஒரு செயலைத் தடுக்கிறது, பின்னது ஓர் ஆளைத் தடுக்கிறது. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டுத்தான் சிலர் ‘சட்டத்தில் தடை இருக்கலாம், சமயத்தில் இருக்கக் கூடாதா’ என்று கேட்கிறார்கள்.

மதுவிலக்குச் சட்டத்தை 1937-இல் ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் தொடங்கிவைத்தது. 1971-இல் தளர்ந்தது, 1974-இல் திரும்பியது, 1981-இல் மீண்டும் தளர்ந்தது. அரசே டாஸ்மாக் கடை நடத்தும் காலத்திலும் அச்சட்டம் பழைய பெயரிலேயே நிற்பது வெட்கத்துக்குரியது. ஆயினும் மனிதர் இயற்றியது என்று ஒப்புக்கொள்ளும் தடையாதலால், அதைப் பற்றி ஆட்சியாளரை நிறுத்திக் கேட்க வாக்காளருக்கு உரிமை உண்டு.

கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலேயுள்ள காடு இவ்வேறுபாட்டுக்கு இன்னும் தெளிவான சான்று. கூடலூருக்கு மேலே மலையுச்சியில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலும், அப்பால் சபரிமலையும் ஒரே பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் அடங்கியவை. கண்ணகி கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டுமே மக்கள் போகலாம். பளியன்குடி வழியாக ஏறினாலும் குமுளியிலிருந்து ஜீப்பில் போனாலும் வனத்துறையின் கட்டுப்பாடு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. காரணம் விலங்கும் காடும் என்று வெளிப்படையாகச் சொல்லப்படுவதால், கூடுதல் நாள் வேண்டுமென்று வாதாடவும் இடமிருக்கிறது. சபரிமலையிலோ, மாதவிலக்கு வரும் வயதென்று, 10 வயதுக்கு மேல் 50 வயதுக்குள் இருக்கும் பெண்ணுக்குத் தடை. அவர் என்ன செய்தார் என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை, அவர் உடலே குற்றமாகிறது.

இது தொன்றுதொட்டு மாறாமல் வந்தது என்பாருக்கு நீதிமன்ற ஆவணமே மறுமொழி. குழந்தைகளுக்கு முதற்சோறு ஊட்டும் சடங்குக்காகத் தாய்மார் மாதபூஜை நாள்களில் அங்கே சென்றுவந்ததும், அதற்குத் தேவசம் போர்டு கட்டணம் பெற்றதும் கேரள உயர்நீதிமன்ற வழக்கில் பேசப்பட்டவை. அந்நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்த பிறகே தடை இறுக்கமாயிற்று. 2018 செப்டம்பர் 28 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வில் நால்வர் அத்தடை செல்லாது என்றனர். அவர்களுள் நீதிபதி சந்திரசூட், தீண்டாமையை ஒழிக்கும் அரசமைப்பின் 17-ஆம் பிரிவு இதற்கும் பொருந்தும் என்றார். மறுஆய்வு மனுக்களின் பேரில் எழுந்த கேள்விகள் 2019-இல் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டன. தீர்ப்பு எதுவாயினும், சேரிக்காரர் கோயிலுக்குள் வந்தால் தீட்டு என்ற வாதமும் இந்த வாதமும் ஒரே வேரில் முளைத்தவை என்பதை மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 1939-இல் நடந்த ஆலயப் பிரவேசத்தை அறிந்தவர் மறுக்க முடியாது.

கோயிலில் பேசப்படும் இத்தீட்டைத் தோட்டத்தில் எவரும் பேசுவதில்லை. கம்பத்துப் பன்னீர் திராட்சையைக் குலை குலையாகக் கத்தரிப்பவர்களும், அழுகல் நீக்கிப் பெட்டியில் அடுக்குபவர்களும் பெரும்பாலும் பெண்களே. மாதவிலக்கின் மூன்று நாளுக்கு அவர்களுக்குக் கூலியோடு விடுப்பு கொடுப்பார் இல்லை. அந்நாளில் அவர்கள் கை பட்ட பழம் பூஜைத் தட்டில் ஏறும்போது தீட்டு நினைவுக்கு வருவதும் இல்லை. உழைப்புக்குத் தீட்டில்லை, வழிபாட்டுக்கு மட்டும் தீட்டு என்றால், அந்த விதியை எழுதியது கடவுளா, அதனால் பயனடைகிறவர்களா?

கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போடுகிறவர் உள்ள வீடுகளில், அந்த மூன்று நாளும் மனைவியையும் மகளையும் உறவினர் வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ அனுப்பிவைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. பள்ளித் தேர்வு எழுதும் பிள்ளையும் புத்தகப்பையோடு இடம் மாறுகிறது. உச்சநீதிமன்றம் முடிவு சொல்லும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இவ்வாண்டு மாலை போடவிருக்கும் ஒவ்வொருவரும், தம் வீட்டுப் பெண் அந்நாளில் தம் வீட்டிலேயே உண்டு, உறங்கி, படிப்பாள் என்று குருசாமியிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.