மிச்சத்தைச் சேர்த்தவர்கள் யார்?

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம். பொதுக்காலம் 17-ஆம் ஞாயிறு. நற்செய்தி: யோவான் 6:1-15)



இன்றைய நற்செய்தி நம் எல்லாருக்கும் சிறுவயது முதலே தெரிந்த நிகழ்ச்சி. திபேரியக் கடலின் மறுகரை, பசியோடு ஒரு பெருங்கூட்டம், ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும் வைத்திருந்த ஒரு சிறுவன். இதைப் பற்றி மறையுரை ஆற்றும்போதெல்லாம் நான் அந்தச் சிறுவனோடு நின்றுவிடுவது வழக்கம். உன்னிடம் இருப்பதைக் கொடு, ஆண்டவர் அதைப் பெருக்குவார் என்று சொல்லி முடித்துவிடுவேன்.

இன்று உங்களை அந்த நிகழ்ச்சியின் கடைசிப் பகுதிக்கு அழைத்துப்போக விரும்புகிறேன். எல்லாரும் வயிறார உண்டாகிவிட்டது. அப்போது இயேசு தம் சீடர்களிடம், ஒன்றும் வீணாகாதபடி எஞ்சிய துண்டுகளைச் சேர்த்து வைக்கும்படி சொல்கிறார். அவர்களும் சேர்க்கிறார்கள். 12 கூடைகள் நிரம்புகின்றன.

ஐந்து அப்பங்களை ஐயாயிரம் பேருக்குப் பகிரத் தெரிந்தவர், தரையில் கிடக்கும் துண்டைப் பற்றி ஏன் கவலைப்படவேண்டும்? நாளைக்குப் பசித்தால் நாளைக்கும் பெருக்கலாமே! ஆனால் அவர் அப்படி நினைக்கவில்லை. அது இறைவன் தந்த உணவு. தந்தவர்மேல் நமக்கு மதிப்பு இருந்தால், தரப்பட்ட பொருள்மேலும் மதிப்பு இருக்கும். தாராளமாகக் கிடைத்தது என்பதற்காகவே அதைத் தாராளமாகக் கொட்டிவிட முடியாது.

மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள், 2015-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் கையெழுத்திட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் திருமடலில் இதைத்தான் நம் வீட்டுக்குள் கொண்டுவந்தார். அதன் 211-ஆம் பத்தியைப் படித்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது, தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது, குப்பையைப் பிரிப்பது, தேவைக்கு மட்டும் சமைப்பது, வேண்டாத விளக்கை அணைப்பது என்று நம் அம்மாக்கள் சொல்லும் காரியங்களையே அங்கே பட்டியலிடுகிறார். இந்தச் சிறு செயல்களை அன்பின் செயல்களாக அவர் காண்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தத் திருமடலைப் பற்றி என் பங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகமாகப் பேசினேன். துணிப்பை எடுத்துச் செல்லுங்கள், காய்கறித் தோலை உரமாக்குங்கள், குழந்தைக்கு டயாப்பரைக் குறைத்துத் துணி கட்டுங்கள் என்றெல்லாம் அடுக்கினேன். பூசை முடிந்து எல்லாரும் போனபின், ஒரு இளம் தாய் மட்டும் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான்கு வயதில் ஒரு மகன்.

“சாமி, ஒண்ணு கேக்கலாமா?” என்றார்.

“கேளும்மா.”

“துணி கட்டுங்கன்னு ஈஸியா சொல்லிட்டீங்க. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு துணி ஆகும். மழைக்காலத்துல காயவே காயாது. இவன் சாப்பிடுறதைக் கீழ கொட்டுவான், அதைத் துடைக்கணும். இனிமே குப்பையையும் ரெண்டாப் பிரிக்கணும், தோலை உரமாக்கணும். எல்லாம் நல்லதுதான் சாமி. ஆனா யாரு செய்யறது?”

எனக்குப் பதில் வரவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பினேன். அன்று மதியம் பங்கு இல்லத்தில் சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடித்தேன். தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். எழுந்தபோதுதான் அந்தக் கேள்வி மறுபடியும் காதில் விழுந்தது. அந்தத் தட்டை யார் கழுவுவார்கள்? அத்தனை ஆண்டுகளில் அப்படி ஒரு கேள்வி எனக்கு எழுந்ததே இல்லை. சிக்கனத்தைப் பற்றியும் எளிமையைப் பற்றியும் பேசியவன் நான். அதற்கான உழைப்பு மட்டும் வேறு யாருடைய கையிலோ இருந்தது.

அன்று மாலை யோவான் ஆறாம் அதிகாரத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். மிச்சத்தைச் சேர்க்கச் சொல்லி இயேசு யாரிடம் சொன்னார்? கூட்டத்தில் பெண்களும் குழந்தைகளும் இருந்ததாக மத்தேயு எழுதுகிறார். அந்தப் பெண்களிடம் இயேசு இந்த வேலையைச் சொல்லவில்லை. தம் சீடர்களிடம் சொன்னார். சற்று முன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பிலிப்புவும், இவ்வளவு பேருக்கு இது எப்படிப் போதும் என்று கேட்ட அந்திரேயாவும் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார்கள். திருச்சபையின் தூண்கள் என்று நாம் போற்றுகிறவர்களுக்கு, விருந்து முடிந்தபின் இடத்தைத் துப்புரவு செய்யும் வேலை கொடுக்கப்பட்டது.

இயேசு அதோடு நிற்கவில்லை. இரவு உணவின்போது துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவினார். உயிர்த்தபின், அதே கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்து, இரவெல்லாம் வலை வீசிக் களைத்து வந்தவர்களைச் சாப்பிட அழைத்தார். சாவை வென்ற ஆண்டவர் முதலில் சமைத்துவைத்த காலை உணவு அது.

நாசரேத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். மாவில் புளிப்பு மாவைக் கலக்கும் பெண், பழைய ஆடைக்கு ஒட்டுப்போடுதல், தொலைந்த காசுக்காக விளக்கேற்றி வீட்டைப் பெருக்குதல். இயேசு சொன்ன உவமைகளில் எத்தனை வீட்டுவேலைகள்! அவற்றை அருகில் இருந்து பார்த்து வளர்ந்தவர் சொல்லும் சொற்கள் அவை.

அன்புமிக்கவர்களே, அந்தத் தாயின் கதையைச் சொல்லி முடிக்கவில்லை. சில மாதங்கள் கழித்து, வீடு மந்திரிக்கப் போனபோது அவர்கள் வீட்டுக்கும் போனேன். இரண்டாம் மாடியில் சிறிய வாடகை வீடு. கணவர் சுமை ஆட்டோ ஓட்டுகிறவர். கணவரின் தாயும் உடன் இருக்கிறார். மாடிப்படி ஓரம் இரண்டு மண்தொட்டிகள். கொடியில் வரிசையாகக் குழந்தைத் துணிகள்.

“துணி துவைக்கறது யாருன்னு கேளுங்க சாமி” என்றார் அந்தத் தாய், சிரித்துக்கொண்டே.

கணவர் வெட்கப்பட்டார். அந்த ஞாயிறு வீட்டுக்குப் போய் இவர் என்னிடம் கேட்ட கேள்வியையே வீட்டிலும் கேட்டிருக்கிறார். இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லையாம். மூன்றாம் நாள் இரவு, வேலை முடிந்து வந்தவர் ஊறவைத்த துணிகளைத் தாமாகவே எடுத்து அலசியிருக்கிறார். மகன் குழந்தைத் துணி துவைப்பதைப் பார்த்த அவருடைய அம்மாவுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. “எங்க காலத்துல ஆம்பளைங்க இதெல்லாம் தொட மாட்டாங்க” என்றாராம். பிறகு அவரே தம் பழைய நூல் சேலைகளை எடுத்து, கிழித்து, மடித்துத் துணி தைத்துக் கொடுத்திருக்கிறார். காய்ந்ததை மடிப்பது இப்போது அவர் வேலை.

நான்கு வயது மகனுக்கும் ஒரு வேலை உண்டு. காய்கறித் தோலையும் முட்டை ஓட்டையும் தொட்டியில் கொண்டுபோய்ப் போடுவது அவன்தான். முதல் மாதம் தொட்டி நாறி, பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஈரத் தோலை மட்டும் போட்டால் அழுகி நாறும், ஒரு பங்கு தோலுக்குமேல் இரண்டு கை காய்ந்த சருகு போடவேண்டும் என்று பாட்டிதான் சொல்லிக்கொடுத்தார். நாற்றம் நின்றது. “மண் ஆயிடுச்சா பாட்டி?” என்று தினமும் காலையில் போய்க் கிளறிப் பார்ப்பானாம். மூன்று மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண்ணின் மணத்தோடு உரம் கிடைத்தது. அதில் சிறுகீரை விதைத்தார்கள். கீரையைத் தொடவே தொடாத பிள்ளை, தான் தண்ணீர் ஊற்றிய கீரை என்பதால் சாப்பிடுகிறான் என்றார் தாய். இந்த நாள்களில் இயேசுவின் தாத்தா பாட்டி, புனிதர்கள் சுவக்கீன், அன்னா ஆகியோரை நாம் நினைவுகூருகிறோம். நம் வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கும் இந்த அறிவையும் நினைத்து நன்றி சொல்வோம்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த வீட்டில் டயாப்பர் முழுவதும் நின்றுவிடவில்லை. இரவுக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று என்று இன்னும் வாங்குகிறார்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்த இரண்டு வாரம் பகலிலும் அதுதான். பிறகு ஒருநாள் என்னைக் கோயில் வாசலில் பார்த்தபோது, பெரிய பாவம் செய்துவிட்டவர்போல அந்தத் தாய் அதைச் சொன்னார். நான் சொன்னேன்: “அம்மா, பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் படைப்பைப் பாதுகாப்பதுதான். உங்கள் உடம்பும் கடவுளின் படைப்புதான். அதையும் கொஞ்சம் பாருங்கள்.” அவருடைய கண் கலங்கியது. அன்று முதல்முறை கேட்டபோதே நான் இதைச் சொல்லியிருக்கவேண்டும்.

பயன்படுத்திய டயாப்பரைப் பற்றியும் ஒரு சொல். அதை அப்படியே குப்பையில் எறிந்தால், மறுநாள் காலையில் அதைக் கையால் எடுப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். அவரும் ஒரு குழந்தைக்குத் தாயாகவோ தகப்பனாகவோ இருப்பார். தனியாகத் தாளில் நன்றாகச் சுற்றிக் கொடுக்கவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லப்பட்டது. சட்டம் இருப்பது ஒருபுறம் இருக்கட்டும். நாம் வேண்டாம் என்று எறிவது யார் கையில் போய்ச் சேருகிறது என்று எண்ணிப் பார்ப்பது பிறரன்புக் கட்டளையின் ஒரு பகுதி.

வீட்டுக்குச் சொன்னதைக் கோயிலுக்கும் சொல்லவேண்டும். நம் மாநிலத்தில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளும் தட்டுகளும் அதில் அடங்கும். நம் திருவிழா அசனங்களிலும் புதுநன்மை விருந்துகளிலும் நாம் எதில் பரிமாறுகிறோம்? எங்கள் பங்கில் இப்போது எவர்சில்வர் தட்டுகளும் டம்ளர்களும் வாங்கி வைத்திருக்கிறோம். கழுவுவது யார் என்ற கேள்வி அங்கேயும் வந்தது. அன்பியங்கள் முறைவைத்துக் கழுவுகின்றன. ஆண்களும் வரவேண்டும் என்பது நிபந்தனை. பங்குக் குருவுக்கும் ஒரு முறை உண்டு.

அன்பு நேயர்களே, இந்த வாரத்துக்கு உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, ஒருநாள் மாலைச் செபம் முடிந்ததும் எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். வீட்டில் தினமும் நடக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். தண்ணீர் பிடிப்பது முதல் குப்பையைக் கொண்டுபோய்க் கொடுப்பது வரை எதையும் விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் செய்பவர் பெயரை எழுதுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அங்கே மனம்திரும்புதல் தேவைப்படுகிறது.

இரண்டாவது, சிறு பிள்ளைக்கும் ஒரு வேலை கொடுங்கள். கறிவேப்பிலைச் செடிக்கு அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுவது, கடைக்குப் போகும்போது துணிப்பையை ஞாபகப்படுத்துவது, ஆளில்லாத அறையில் மின்விசிறியை நிறுத்துவது என ஏதாவது ஒன்று. அவன் சிந்துவான், மறப்பான், தொட்டியை உடைத்தாலும் உடைப்பான். பரவாயில்லை. அப்பத்தைக் கொண்டுவந்தவனும் ஒரு சிறுவன்தான்.

மூன்றாவது, சாப்பாட்டுக்கு முன் அரை நிமிடம் செபியுங்கள். தந்த கடவுளுக்கும், விளைவித்த கைக்கும், சமைத்த கைக்கும் நன்றி சொல்லுங்கள். நன்றி சொல்லி உண்பவர் தட்டில் சோறு வீணாவதில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவரவர் தட்டை அவரவர் எடுத்துக் கழுவுங்கள். இதை நானும் உங்களோடு சேர்ந்து செய்கிறேன். தட்டைக் கழுவப் பழகியபின்தான், எவ்வளவு சோற்றை ஒதுக்கிவைக்கிறேன் என்பது எனக்கே தெரியவந்தது.

மன்றாடுவோமாக. அன்புத் தந்தையே, நீர் படைத்த இந்த உலகத்தை எங்கள் வீட்டிலிருந்தே பேணத் தொடங்க எங்களுக்கு அருள்தாரும். பிஞ்சுக் குழந்தைகளை வளர்க்கும் தாய்மாருக்கு ஓய்வையும், அவர்களோடு தோள்கொடுக்கும் மனத்தைத் தந்தையருக்கும் தாரும். நாங்கள் எறிவதைச் சுமக்கும் தொழிலாளர்களைக் காத்தருளும். உம் மகன் சொன்னதுபோல, ஒன்றையும் யாரையும் வீணென்று விட்டுவிடாத மக்களாக எங்களை மாற்றும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.