வழக்கறிஞர் பதில் சொல்லாவிட்டால்…



டாக்டரிடமும் வக்கீலிடமும் உண்மையை மறைக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையைச் சொல்லி, கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்தும் போட்டுக் கொடுத்த பிறகு, அந்த வக்கீலே வாய் திறக்காவிட்டால் என்ன செய்வது? பல குடும்பங்களில் எழும் இந்தக் கேள்விதான் இன்றைய அங்கத்தின் பொருள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். தோட்டத்து லயன் வீட்டில் வாழ்ந்த ஒரு குடும்பம். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிய கணவர் லோரி மோதி இறந்துவிடுகிறார். பள்ளிக்கூடம் போகும் மூன்று பிள்ளைகள். காரியம் முடிவதற்குள் துக்க வீட்டைத் தேடி ஒருவர் வருகிறார். "எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம் அம்மா, ஒரு காசு தர வேண்டாம்" என்கிறார். அழுத கண்ணோடு அந்த அம்மா நாலைந்து தாள்களில் கையெழுத்துப் போடுகிறார். வழக்கறிஞரின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

ஓராண்டு ஓடுகிறது. தோட்டத்தை மேம்பாட்டாளர் வாங்கிவிட, குடும்பம் அடுக்குமாடி வீட்டுக்கு மாறுகிறது. கைப்பேசி எண்ணும் மாறுகிறது. மாதம் ஒருமுறை அந்த அம்மா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைக்கிறார். "லாயர் கோர்ட்டுக்குப் போயிருக்கார் அம்மா. வந்ததும் சொல்றேன்" என்கிறார் குமாஸ்தா. அடுத்த மாதமும் அதே பதில். இப்படியே இரண்டரை ஆண்டுகள் போய்விடுகின்றன.

காலக்கெடு காத்திருக்காது

இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. விபத்தில் இறந்தவரை நம்பி வாழ்ந்த மனைவி மக்களுக்கான இழப்பீட்டு வழக்கு, 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் பதிவாக வேண்டும். காயமடைந்து உயிர் தப்பியவர் தொடுக்கும் வழக்குக்குத் தீபகற்ப மலேசியாவில் 1953ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் ஆறு ஆண்டுகள் தருகிறது. அரசாங்கத் துறையோ பொது அதிகாரத் தரப்போ தன் கடமையைச் செய்தபோது நேர்ந்த பாதிப்பு என்றால், 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி 36 மாதங்கள்தான்.

"ஆறு வருஷம் இருக்கு, அவசரமில்லை" என்று அக்கம்பக்கத்தார் சொல்வதை நம்பி, மூன்று ஆண்டுக் கெடுவைக் கோட்டை விட்டால் வழக்கே போய்விடக்கூடும். குமாஸ்தா அன்பாகப் பேசினார் என்பதற்காக நாள்காட்டி நின்றுவிடாது.

மௌனத்துக்குக் காரணம் என்ன?

பேசாத வழக்கறிஞர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் அல்லர். போலீஸ் விசாரணை அறிக்கையோ மருத்துவ அறிக்கையோ வராமல் கோப்பு நின்றிருக்கலாம். நீதிமன்றம் தேதியை ஒத்திவைத்திருக்கலாம். குமாஸ்தா செய்தியைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். கையில் இருக்கும் வழக்குகள் அளவுக்கு மீறியும் இருக்கலாம். இவை குறைகள்தாம் என்றாலும் திருத்தக் கூடியவை.

கவலைப்பட வேண்டிய காரணங்களும் உண்டு. தொழில் நடத்தும் சான்றிதழை வழக்கறிஞர் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அது இல்லாதவர் தொழில் செய்யக்கூடாது. ஒருவரிடம் அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்பதை மலேசிய வழக்கறிஞர் மன்றத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளலாம். அலுவலகம் இடம் மாறிவிட்டாலும் மூடப்பட்டுவிட்டாலும் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அதுதான்.

நம் பக்கத்துக் குறைகளையும் பார்க்க வேண்டும். வீடு மாறினால் வழக்கறிஞருக்குத் தெரிவிப்பவர் எத்தனை பேர்? ப்ரீபெய்ட் எண்ணை மாற்றிவிட்டு, "லாயர் கூப்பிடவே இல்லை" என்று வருந்துவோரும் உண்டு. கேட்ட பிறப்புப் பத்திரத்தைக் கொடுக்க மறந்தவர்களும் உண்டு.

தொலைபேசியை வைத்துவிட்டுப் பேனாவை எடுங்கள்

அந்த அம்மாவின் கதைக்கு வருவோம். மூன்றாண்டு நிறைவுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது, அதே மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் அவர் புலம்புகிறார். "வாத்தியாரையா, முப்பது தடவை போன் பண்ணிட்டேன்." ஆசிரியர் கேட்கிறார்: "ஒரு தடவையாவது எழுத்திலே கேட்டிருக்கீங்களா அம்மா?"

தொலைபேசியில் பேசியது காற்றோடு போய்விடும். கடிதம் கோப்பில் நிற்கும். பிற்பாடு எங்கே புகார் செய்தாலும் முதலில் கேட்கப்படுவது, "எழுத்து மூலம் கேட்டீர்களா?" என்பதுதான்.

அன்றிரவே ஆசிரியர் ஒரு பக்கத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தார். மலாயில் எளிய வாக்கியங்கள். கோபமோ மிரட்டலோ இல்லை. மேலே தேதி, கோப்பு எண், புதிய முகவரி, புதிய தொலைபேசி எண். கீழே ஐந்து கேள்விகள். வழக்கு நீதிமன்றத்தில் பதிவாகிவிட்டதா? பதிவாகியிருந்தால் எந்த நீதிமன்றம், வழக்கு எண் என்ன? அடுத்த தேதி எப்போது? குடும்பத்தாரிடமிருந்து என்னென்ன ஆவணங்கள் தேவை? வழக்குத் தொடுக்கக் கடைசி நாள் எது? பதினான்கு நாளில் பதில் வேண்டும் என்ற கோரிக்கையோடு கடிதம் முடிந்தது. ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்பினார்கள்.

பதினான்கு நாள் கழிந்தும் பதில் இல்லை. அந்த அம்மா ஒரு நாள் விடுப்பு எடுத்து, ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு நேரில் போனார். கடிதப் பிரதியை முகப்பில் நீட்டி, நிறுவனத்தின் மூத்த பங்காளியைப் பார்க்க வேண்டும் என்றார். கோப்பு வெளியே வந்தது. வழக்கு பதிவாகவே இல்லை. திருமணப் பத்திரமும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களும் கேட்டு இரண்டு கடிதங்கள் போயிருக்கின்றன. இரண்டும் பழைய லயன் வீட்டு முகவரிக்கு! முகவரி மாறியதை அம்மா சொல்லவில்லை. மாதந்தோறும் அழைத்தவரிடம் பத்திரம் வேண்டும் என்று அலுவலகமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வழக்கறிஞரை மாற்றலாமா?

மாற்றலாம். வழக்கு கட்சிக்காரருடையது. வழக்கறிஞரை நீக்கிவிட்டு வேறொருவரை நியமிக்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் வரிசை முக்கியம். முதலில் புதிய வழக்கறிஞரைப் பார்த்து, அவர் ஏற்றுக்கொண்ட பிறகு பழையவருக்கு எழுதுவதே நல்லது. இடையில் ஆளில்லாமல் நிற்கக்கூடாது. நியாயமான கட்டணப் பாக்கி இருந்தால், அதைத் தீர்க்கும்வரை பழைய வழக்கறிஞர் கோப்பைப் பிடித்து வைக்க முடியும். ஆகவே கணக்கை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வசதி இல்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அணுகி, தங்கள் வழக்குக்கு உதவி கிடைக்குமா என்று கேட்கலாம்.

புகார் எங்கே?

இதைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குக் கொண்டு போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தனிச் சட்டத்தின்கீழ் வரும் தொழில் வல்லுநர்களின் சேவையை 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் வழக்கறிஞர்மீதான புகாரை எழுத்து மூலம் அனுப்ப வேண்டிய இடம், 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்கீழ் இயங்கும் கட்டொழுங்கு வாரியம். கட்சிக்காரரின் நலனைப் பெரிதும் அலட்சியப்படுத்துவது அந்தச் சட்டப்படி ஒழுங்கீனம். குற்றம் நிரூபணமானால் கண்டிப்பு, அபராதம், தொழில் தடை, பட்டியலிலிருந்து பெயர் நீக்கம் வரை தண்டனை உண்டு.

ஒன்றை மறக்கக்கூடாது. வாரியத்தில் புகார் கொடுப்பதால் மூன்று ஆண்டுக் கெடு நீளாது. வாரியம் நமக்காக வழக்கு நடத்தாது. முதலில் வழக்கைக் காப்பாற்ற வேண்டும். புகாரைப் பிறகு எழுதலாம். கெடு கடந்து நட்டம் நேர்ந்துவிட்டால் அந்த வழக்கறிஞர்மீதே கவனக்குறைவு வழக்குத் தொடுக்க வழியுண்டு. வழக்கறிஞர்கள் அதற்கான தொழில்முறைக் காப்புறுதியைக் கட்டாயம் எடுத்திருக்க வேண்டும்.

பணம் காணாமற்போன விவகாரம் வேறு. கட்சிக்காரர் பணத்தை வழக்கறிஞர் தனிக் கணக்கில்தான் வைக்க வேண்டும். இழப்பீட்டுத் தொகை வந்தும் கைக்கு வரவில்லை என்றால் போலீஸில் புகார் செய்ய வேண்டும். வழக்கறிஞரின் நேர்மையின்மையால் பணம் இழந்தவர்களுக்காக, மன்றத்தின் இழப்பீட்டு நிதி ஒன்றும் இருக்கிறது. அதற்கும் ரசீதும் கடிதமும் வேண்டும்.

முதல் நாளிலேயே விழிப்பு

துக்க வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் வந்து வழக்குப் பிடிக்கும் தரகர்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்குப் பிடித்துக் கொடுப்பவருக்கு வழக்கறிஞர் தரகு கொடுப்பது ஒழுங்கீனம். "ஜெயித்தால் மட்டும் கட்டணம்" என்ற ஒப்பந்தத்துக்கும் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை. வழக்கறிஞரையே நேரில் பாருங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். கையெழுத்திட்ட ஒவ்வொன்றுக்கும் பிரதி, கொடுத்த ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

அந்தக் குடும்பத்தின் பத்திரங்கள் ஒரு வாரத்தில் சேர்ந்தன. மூத்த பங்காளி தாமே பொறுப்பேற்க, மூன்றாண்டு நிறைவுக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்கு பதிவானது. தீர்ப்பு எப்படியும் அமையலாம். ஆனால் நீதிபதியின் முன் நிற்கும் வாய்ப்பாவது அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. முப்பது தொலைபேசி அழைப்புகளால் நடக்காத காரியம், ஒரு பக்கக் கடிதத்தாலும் ஒரு நாள் விடுப்பாலும் நடந்தது.

படித்தவர்களைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம்மிடையே இன்னமும் இருக்கிறது. பணிவாகவே கேட்கலாம். ஆனால் எழுத்தில் கேளுங்கள், கெடுவுக்கு முன்பே கேளுங்கள்.