பிளாட்பாரம் எங்கே?

நடுவர் அவர்களே! "ஜனங்க பிளாட்பாரத்தை விட்டுட்டு ரோட்டுல நடக்கிறாங்க, அதான் அடிபடறாங்க"ன்னு எதிரணி நண்பர் ஆவேசமாகப் பேசினார். ஐயா, பிளாட்பாரம் எங்கே இருக்குன்னு காட்டுங்க, நடக்கிறோம்! (கைதட்டல்) பாதியில டிரான்ஸ்பார்மர், மீதியில மோட்டார் சைக்கிள். மனுஷன் எங்கே போவான்?

நடக்கிறவங்களுக்கு முதலிடம் தரணும்னு சென்னை மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்தது. 2019-ல் பாண்டி பஜாரில் வண்டி போற இடத்தைக் குறைத்து, நடைபாதையை அகலமாக்கினார்கள். போன மாதம் என் அத்தையை அங்கே கூட்டிப் போனேன். 76 வயது. என் கையை உதறிட்டு, கடை கடையா வேடிக்கை பார்த்துக்கிட்டு, எனக்கு முன்னால நடந்தாங்க! பனகல் பார்க் வந்தது. உஸ்மான் ரோட்டுப் பக்கம் திரும்பினோம். அதே அத்தைதான், நடுவர் அவர்களே! சட்டுனு நின்னாங்க. பேசாம வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.